கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டும் பாலுணர்வுக் கிளர்ச்சியும்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து பேசின் பிரிட்ஜ் பக்கம் போகிறவர்கள், ரயில்வே சுற்றுச்சுவரிலும் மின்வாரியப் பெட்டிகளிலும் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய சுவரொட்டிகளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ‘நரம்புத் தளர்ச்சி’, ‘ஆண்மைக்குறைவு’, ‘இளமையில் செய்த தவறுகளால் இல்லறத்தில் தோல்வியா?’ என்று தொடங்கி, ஏதாவது ஒரு லாட்ஜின் அறை எண்ணிலும் ஒரு கைபேசி எண்ணிலும் அவை முடியும். கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்த நாட்களில் நாங்கள் அவற்றை உரக்கப் படித்துச் சிரித்திருக்கிறோம். சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

பாலுறவு ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சுவரொட்டிகளோ சட்டத்தைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. அவற்றின் மருந்து வேலை செய்கிறதா என்பது இருக்கட்டும். அவை நம் மனத்தில் ஊன்றிவிட்டுப் போகும் எண்ணம்தான் எனக்குப் பெரிய தொல்லையாகத் தெரிகிறது. பாலுணர்வு என்பது உடம்புக்குள் ஒரு டேங்கில் சேமித்து வைக்கப்பட்ட சக்தி, தவறாகச் செலவழித்தால் அது தீர்ந்துபோகும், தீர்ந்துபோனால் லேகியத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்பதே அந்த எண்ணம். உண்மையில் பாலுணர்வுக் கிளர்ச்சி என்பது சேமிப்பு அல்ல. ரத்த ஓட்டமும் நரம்புகளும் மூளையும் சூழ்நிலையும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகும்போது நிகழ்கிற ஒரு நிகழ்வு. ஒத்துப்போகாதபோது அது நிகழாமல் போவதும் அந்த அமைப்பின் இயல்பான வேலையே தவிரப் பழுது அல்ல.

முதலில் உடம்பைப் பார்ப்போம். மெட்ரோ வாட்டர் லாரியின் பின்னால் தொங்கும் கேன்வாஸ் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் இல்லாதபோது அது துவண்டு கிடக்கும். நீர் பாய்ந்து, மறுமுனை அடைபட்டால், கட்டைபோல் விறைத்து நிற்கும். ஆணுறுப்பில் எலும்பும் இல்லை, இறுகி விறைப்பை உண்டாக்கும் தசையும் இல்லை. அதற்குள் கடற்பஞ்சு போன்ற திசு நிறைந்த இரண்டு நீண்ட அறைகள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அந்தத் திசுவிலுள்ள மென்தசைகள் இறுகியிருப்பதால் ரத்தம் மிகக் குறைவாகவே உள்ளே வரும். கிளர்ச்சி ஏற்படும்போது அங்குள்ள நரம்பு முனைகளும் ரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது மென்தசைகளைத் தளர்த்துகிறது. தமனிகள் விரிந்து ரத்தம் வேகமாக நிரம்புகிறது. நிரம்பிப் புடைத்த திசு, ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளைத் தன்னைச் சுற்றியுள்ள உறையோடு சேர்த்து நசுக்குவதால் உள்ளே வந்த ரத்தம் அங்கேயே தங்கிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, விறைப்பு என்பது தசை இறுகுவதால் அல்ல, தளர்வதால் வருகிறது என்பதுதான். ‘நரம்பை முறுக்கேற்றுவோம்’ என்று வாக்களிக்கும் சுவரொட்டி, எது தளர வேண்டுமோ அதை முறுக்குவதாகச் சொல்கிறது.

பெண்ணுடலில் நடப்பதும் அடிப்படையில் இதே கதைதான், ஆனால் அது வெளியே தெரிவதில்லை. கிளர்ச்சியின்போது இடுப்புக்குழியில் ரத்த ஓட்டம் பெருகுகிறது. யோனிச் சுவரிலுள்ள நுண்குழாய்கள் நிரம்பி, ரத்தத்தின் நீர்ப்பகுதி சுவரின் வழியே துளித்துளியாகக் கசிந்து ஈரத்தை உண்டாக்குகிறது. மண்பானை நிறைந்திருக்கும்போது வெளிப்புறம் வியர்ப்பதைப் போன்றது அது. யோனியின் உட்பகுதி நீண்டு அகன்று, கருப்பை சற்று மேலெழும்புகிறது. கிளிட்டோரிஸ் என்ற உறுப்பும் ஆணுறுப்பைப் போலவே ரத்தத்தால் நிரம்புகிறது. கருவில் இரண்டும் ஒரே முளையிலிருந்து உருவாகின்றன.

அந்த உறுப்பின் வரலாறு மருத்துவத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல. வெளியே தெரியும் சிறிய மொட்டுதான் கிளிட்டோரிஸ் என்று பாடநூல்கள் நெடுங்காலம் ஒரு வரியில் முடித்துவந்தன. ஆஸ்திரேலியச் சிறுநீரக அறுவை மருத்துவரான ஹெலன் ஓ’கானல் 1998இல் வெளியிட்ட உடற்கூறு ஆய்வு, அதன் பெரும்பகுதி உள்ளே மறைந்திருக்கிறது, யோனியையும் சிறுநீர்த் தாரையையும் இருபுறமும் அணைத்தபடி கால்களும் குமிழ்களுமாக விரிந்திருக்கிறது என்று தெளிவுபடுத்தியது. பெரும்பாலான பெண்களுக்குப் புணர்ச்சி மட்டுமே உச்சத்துக்குப் போதுமானதாக இல்லாமல் இருப்பதன் காரணம் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. அதை அந்தப் பெண்ணின் குறையாகவோ கணவனின் தோல்வியாகவோ கருதிக் கசந்துபோன குடும்பங்கள் எத்தனையோ.

1998 இந்தத் துறைக்கு வேறு இரண்டு வகையிலும் முக்கியமான ஆண்டு. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்களுக்கான செய்தியாகச் செயல்படுகிறது என்று கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது அவ்வாண்டில்தான். அதே ஆண்டில்தான் சில்டெனாஃபில் மாத்திரை, அதாவது வயாகரா, அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நெஞ்சுவலிக்கு மருந்து தேடியவர்கள் தற்செயலாகக் கண்டெடுத்தது அது. நைட்ரிக் ஆக்சைடு தொடங்கிவைத்த தளர்வை முடித்துவைக்கும் ஒரு நொதியை அந்த மாத்திரை தடுக்கிறது. தொடங்கிவைக்கும் வேலையை அது செய்வதில்லை. மனத்தில் கிளர்ச்சி இல்லாத ஒருவர் அதை விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், தலைவலியும் முகச் சிவப்பும் வரலாம், விறைப்பு வராது. உலகின் மிகப் பிரபலமான மாத்திரைகூட மனத்தின் அனுமதிக்குக் காத்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

இந்த வேலைகளை நடத்தும் நரம்புகளை பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஓடவும் சண்டையிடவும் உடம்பைத் தயார்ப்படுத்துவது பரிவு நரம்பு மண்டலம். உண்டு, செரித்து, ஓய்வெடுக்கச் செய்வது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். விறைப்பும் ஈரக்கசிவும் பெரும்பாலும் இரண்டாவதன் பொறுப்பில், தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகளால் நடக்கின்றன. விந்து வெளியேறுவது முதலாவதன் வேலை. ஆக, பதற்றமில்லாத உடம்பில்தான் கிளர்ச்சி எளிதாகத் தொடங்கும். பதற்றம் கூடினால் தொடங்காமலே போகலாம், அல்லது தொடங்கியது மிக விரைவில் முடிந்துவிடலாம்.

தண்டுவடத்துக்கு இதில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. தொடுதலால் எழும் கிளர்ச்சி அடிமுதுகிலேயே ஒரு சுற்றுப் போட்டுத் திரும்பிவிடும் அனிச்சைச் செயல். நினைவாலும் காட்சியாலும் குரலாலும் எழும் கிளர்ச்சி மூளையிலிருந்து இறங்கி, முதுகின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே உள்ள வாசல் வழியாக வருகிறது. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த தொழிலாளர் சிலருக்கு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாதபோதும் தொடுதலால் விறைப்பு ஏற்படுவது இதனால்தான். அத்தகையவர்களின் மண வாழ்க்கை முடிந்துவிட்டது என்று உறவினர்கள் தாமாகவே தீர்ப்பளிப்பது பல நேரங்களில் அவசரத் தீர்ப்பு.

கிளர்ச்சி தொடங்கி முடியும் வரை உடம்பில் என்ன நடக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்னவர்கள், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும். 382 பெண்களையும் 312 ஆண்களையும் கவனித்து 1966இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, இந்த நிகழ்வுக்கு நான்கு கட்டங்கள் உண்டு: எழுச்சி, நிலைத்த உயர்நிலை, உச்சம், தணிவு. இதயத் துடிப்பும் மூச்சும் கூடுகின்றன, தோல் சிவக்கிறது, தசைகள் இறுகுகின்றன. உச்சத்தில் இடுப்புத் தளத்தின் தசைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ 0.8 நொடிக்கு ஒருமுறை சுருங்குகின்றன. அதன்பின் ஆணுக்கு மீண்டும் கிளர்ச்சி எழாத ஓர் இடைவெளி உண்டு. இளைஞருக்கு அது சில நிமிடங்களாகவும் வயதானவருக்கு ஒரு நாளாகவும் இருக்கலாம். பெண்ணுக்கு அத்தகைய கட்டாய இடைவெளி இல்லை. இவ்வளவுக்கும் உடம்பு செலவிடும் உழைப்பு, லிப்ட் இல்லாத வாரியக் குடியிருப்பில் இரண்டு மாடி ஏறுவதற்குச் சமம் என்பது இதய மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மாரடைப்பு வந்து தேறியவர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விக்கு அதுவே பெரும்பாலும் தொடக்கப் பதில்.

நான்கு கட்டங்கள் என்ற படம் அழகாக இருந்தது. ஆனால் அதில் ஒன்று விடுபட்டிருந்தது. அந்த ஆய்வுக்கு வந்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே ஆசையோடும் உச்சம் அடைந்த அனுபவத்தோடும் வந்தவர்கள். அதனால் ‘ஆசை எங்கிருந்து வருகிறது’ என்ற கேள்வியே எழவில்லை. ஹெலன் சிங்கர் காப்லான் என்ற மனநல மருத்துவர் 1970களில் தம்மிடம் வந்தவர்களைப் பார்த்து, பலருக்கு உடம்பில் பழுதே இல்லை, விருப்பம்தான் இல்லை என்று கண்டு, கிளர்ச்சிக்கு முன்னால் ஆசை என்ற படியைச் சேர்த்தார். கனடாவைச் சேர்ந்த ரோஸ்மேரி பாசன் 2000ஆம் ஆண்டில் அந்த வரிசையையே கேள்விக்கு உட்படுத்தினார். முதலில் ஆசை, பிறகு கிளர்ச்சி என்ற ஒழுங்கு எல்லாருக்கும் பொருந்தாது என்றும், குறிப்பாக நெடுங்காலம் சேர்ந்து வாழும் பெண்கள் பலருக்கு நெருக்கத்தாலும் தொடுதலாலும் கிளர்ச்சி முதலில் எழுந்து அதன் பின்னரே ஆசை உண்டாகிறது என்றும் அவர் விளக்கினார்.

இதைப் புரிந்துகொள்ள வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய தெருக்களுக்கு ஒரு மாலையில் போனால் போதும். பசித்து, அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைச் சாப்பிடலாம் என்று முடிவெடுத்துக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. வேறு வேலையாக அந்த வழியே போய்க்கொண்டிருக்கும்போது பொரித்த வெங்காயத்தின் மணமும் புளிக்கரைசலின் வாசனையும் மூக்கில் ஏறி, ‘ஒரு தட்டு போடுங்கண்ணே’ என்று நின்றுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டாமவருக்குப் பசி உண்மையானதல்ல என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் கணவனைத் தானாகத் தேடிப் போகாத மனைவியைப் பற்றி, ‘அவளுக்கு ஆசையே இல்லை’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவள் நடந்துபோகும் தெருவில் மணமே இல்லாமல் இருந்திருக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மணம் பிடித்தால் நிற்கலாம் என்பது, பிடிக்காதவரை இழுத்து உட்காரவைத்து ஊட்டலாம் என்பதாகாது.

இனி, இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள கேட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கின்ஸி பாலியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேங்க்ராஃப்டும் எரிக் யான்சனும் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு. மூளையில் பாலுணர்வுக்கு ஆக்சிலரேட்டர் ஒன்றும் பிரேக் ஒன்றும் தனித்தனியாக வேலை செய்கின்றன. இரண்டின் கூட்டு விளைவே நாம் உணரும் கிளர்ச்சி என்பது அதன் சாரம். ஆக்சிலரேட்டர் பாலுணர்வோடு தொடர்புள்ள எதையும், ஒரு குரலையோ மணத்தையோ நினைவையோ, கவனித்து ‘போ’ என்கிறது. பிரேக், சுற்றிலும் உள்ள அபாயங்களைக் கவனித்து ‘நில்’ என்கிறது. கருத்தரித்துவிடுமோ, யாராவது பார்த்துவிடுவார்களோ, சரியாகச் செய்ய முடியுமோ, வலிக்குமோ, காலையில் வட்டிக்காரர் வந்துவிடுவாரோ என்பவை எல்லாம் பிரேக்கை அழுத்தும் கால்கள். ஒவ்வொருவருக்கும் இவை இரண்டின் கூர்மையும் வேறு வேறு. சிலருக்கு ஆக்சிலரேட்டர் மென்மையானது, சிலருக்குப் பிரேக் சற்றுத் தொட்டாலே பிடித்துக்கொள்ளும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேட் மூடியிருக்கும்போது வண்டியை எவ்வளவு முறுக்கினாலும் புகைதான் வரும். லேகியம், மாத்திரை, ஆபாசக் காணொளி என்று நாம் தேடிப்போவது பெரும்பாலும் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தும் வழிகளை. சிக்கல் பெரும்பாலும் கேட்டில் இருக்கிறது.

வடசென்னையில் அந்த கேட் எப்படியெல்லாம் மூடுகிறது என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, காசிமேட்டுப் பக்கம் ஒற்றை அறையும் சமையல் மூலையும் கொண்ட ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். புதிதாக மணமானவர்கள் கட்டிலில். திரைச்சீலைக்கு அப்பால் பாயில் மாமியார். அவர் இருமினால் மருமகளின் உடம்பு முழுவதும் ஒரு கணம் உறைகிறது. சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி தெளிவாகக் கேட்கிறது என்றால், இங்கே எழும் ஒலியும் அங்கே கேட்கும் என்பதை அவள் மூளை மறப்பதில்லை. கணவனுக்கோ எண்ணூர்த் துறைமுகத்தில் இரவுப் பணி. அவளோ மீன் ஏலத்துக்கு விடியலுக்கு முன்பே எழுந்து போக வேண்டியவள். இருவரும் விழித்திருக்கும் நேரம் ஒரு நாளில் மிகக் குறைவு. அதில் தனித்திருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. இந்த வீட்டில் ‘ஆசை இல்லை’ என்பது நோயின் பெயர் அல்ல. அது அந்த அறையின் அளவு. மாமியார் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போய்வந்தால் சரியாகிவிடும் பிரச்சினைக்கு லாட்ஜ் அறையில் பத்தாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வெளியிலிருந்து மூடும் கேட் இப்படி. உள்ளிருந்து மூடும் கேட் ஒன்றும் உண்டு. அது இன்னும் பொல்லாதது. முதலிரவன்று மணமகன் தன் உடம்பைத் தானே வேவு பார்க்கத் தொடங்குகிறான். எழுகிறதா, நிற்கிறதா, தளர்கிறதா என்று கவனம் முழுவதும் அங்கே போய்விடுகிறது. அருகில் இருப்பவள் மறந்துபோகிறாள். மாஸ்டர்ஸும் ஜான்சனும் இதைப் பார்வையாளராக மாறிவிடுதல் என்ற பொருளில் ஒரு சொல்லால் குறித்தார்கள். மேடையில் ஆடவேண்டியவன் இறங்கிவந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ‘ஏன் யாரும் ஆடவில்லை?’ என்று கேட்பதைப் போன்ற நிலை அது. அச்சத்தால் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. அட்ரினலினும் அதன் உறவு ரசாயனங்களும் மென்தசைகளை இறுக்குகின்றன. உள்ளே வந்த ரத்தம் வெளியேறுகிறது. ‘பார்த்தாயா, நான் பயந்தது சரிதான்’ என்று மனம் சொல்கிறது. அடுத்த இரவுக்கான அச்சம் அங்கேயே விதைக்கப்பட்டுவிடுகிறது.

இந்தச் சுழலுக்கு மாஸ்டர்ஸும் ஜான்சனும் கண்ட மருத்துவம் மாத்திரை அல்ல, ஒரு தடையுத்தரவு. சில வாரங்களுக்குப் புணர்ச்சியே கூடாது என்று தம்பதியரிடம் சொல்லிவிட்டு, முதலில் மறைவுறுப்புகளைத் தவிர்த்து ஒருவரையொருவர் மெதுவாகத் தொட்டு, தோலில் என்ன உணர்கிறோம் என்பதை மட்டும் கவனிக்கும்படி பயிற்சி தந்தார்கள். தேர்வே இல்லை என்று அறிவித்துவிட்டால் தோல்வி பயமும் இல்லாமல் போகிறது. இன்றும் பாலியல் ஆலோசகர்கள் இந்தப் பயிற்சியைப் பல வடிவங்களில் பயன்படுத்துகிறார்கள்.

உள்ளத்தில் எழுவது உடலில் புலப்படுவதை நம் இலக்கணத்தார் மெய்ப்பாடு என்றார்கள். கண்ணீரும் வியர்வையும் மயிர்க்கூச்சும் மனத்தின் சாட்சிகள் என்பது அதன் அடிப்படை. பாலுணர்வில் இந்தச் சாட்சி எப்போதும் நம்பத்தக்கதல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறுப்பில் அளக்கப்படும் கிளர்ச்சியும், ‘எனக்குக் கிளர்ச்சியாக இருந்தது’ என்று அந்த நபர் சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 132 ஆய்வுகளைத் திரட்டி உளவியலாளர் மெரிடித் சிவர்ஸும் அவருடைய சகாக்களும் 2010இல் கணக்கிட்டார்கள். முழுப் பொருத்தத்தை 1 என்று கொண்டால், ஆண்களுக்கு 0.66, பெண்களுக்கு 0.26 என்று வந்தது. ஆண்களிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில்தான் என்றால், பெண்களிடம் உடம்பின் நிலையைப் பார்த்து மனத்தை ஊகிப்பது ஏறக்குறையக் குருட்டாட்டம்.

புளியங்காயைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறுகிறது. அதனால் புளியங்காய் தின்ன விரும்புகிறோம் என்று பொருளல்ல. வாய் தன் பழக்கத்தைச் செய்கிறது, அவ்வளவுதான். ஈரக்கசிவும் விறைப்பும் அத்தகையவை. விருப்பமில்லாத நேரத்திலும், வன்முறையின்போதும்கூட அவை நிகழலாம். ‘உன் உடம்பே சம்மதித்ததே’ என்று பாதிக்கப்பட்டவரிடம் யார் சொன்னாலும், அது உடலியல் தெரியாதவர் பேச்சு. அதனால் குற்றவுணர்வில் வெந்துகொண்டிருக்கும் ஒருவர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன்: உங்கள் உடம்பு உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதன் மறுபக்கமும் உண்மை. மனம் நிறைய ஆசை இருந்தும் உடம்பில் ஈரமில்லாமல் போகலாம். பாலூட்டும் மாதங்களில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதாலும், மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதாலும் யோனி வறண்டு, உறவு வலிக்கும். அந்த வலியை ‘இவளுக்கு என்மீது அன்பில்லை’ என்று மொழிபெயர்க்கும் கணவர்கள், மருந்துக் கடையில் எளிதில் கிடைக்கும் ஒரு வழவழப்புக் களிம்பால் தீரக்கூடியதை மனத்தாங்கலாக வளர்த்துவிடுகிறார்கள்.

மூளைக்குள் நடப்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஹைபோதலாமஸ் என்ற சிறிய பகுதி ஹார்மோன்களையும் நரம்புச் செய்திகளையும் இணைக்கிறது. டோபமைன் என்ற மூளை ரசாயனம் ‘அதை நோக்கிப் போ’ என்ற உந்துதலைத் தருகிறது. செரட்டோனின் என்ற இன்னொன்று பெரும்பாலும் அடக்குகிறது. டெஸ்டோஸ்டீரோன் இருபாலருக்கும் ஆசையின் பின்னணி இசை; ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு. இயல்பான அளவு உள்ளவருக்கு அதை மேலும் ஏற்றுவதால் ஆசை அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போவதில்லை. செரட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றால் உச்சம் தாமதமாவது செரட்டோனினின் அந்த அடக்கும் இயல்பால்தான். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழிகள் உண்டு.

சுவரொட்டிகளின் மூலதனமான ‘விந்து நஷ்டம்’ பற்றியும் சொல்லாமல் முடியாது. நாற்பது துளி ரத்தம் ஒரு துளி விந்தாகிறது என்ற நம்பிக்கை நம் துணைக்கண்டம் முழுவதும் பரவியது. விந்து போவதால் உடம்பு தேய்கிறது என்ற அச்சத்தோடு சோர்வும் தலைசுற்றலும் கொண்டு வருகிறவர்களின் நிலைக்கு, இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் ‘தாது நோய்க்குறி’ என்ற பொருளில் பெயரே சூட்டினார். ஒருமுறை வெளியேறும் விந்து பொதுவாக 2 முதல் 5 மில்லி லிட்டர். அதில் பெரும்பகுதி நீரும் பழச்சர்க்கரையும் சிறிது புரதமும். விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. அது ரத்தத்திலிருந்து வடிகட்டிச் சேமிக்கப்படுவதல்ல. தொடர்ந்து உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது. சுய இன்பத்தாலோ, தூக்கத்தில் விந்து வெளியேறுவதாலோ நரம்பு தளர்வதில்லை. தளர்ந்துவிட்டது என்ற நம்பிக்கைதான், மேலே சொன்ன பார்வையாளர் நாற்காலியில் ஆளைக் கொண்டுபோய் உட்காரவைக்கிறது.

எல்லாமே மனம்தான் என்று சொல்லிவிட்டும் போக முடியாது. ஆணுறுப்பின் தமனிகள் 1 முதல் 2 மில்லி மீட்டர் விட்டம் கொண்டவை. இதயத்தின் தமனிகள் 3 முதல் 4 மில்லி மீட்டர். சர்க்கரை நோயும் புகையும் உயர் ரத்த அழுத்தமும் கொழுப்பும் குழாய்களைக் கெடுக்கும்போது, சிறிய குழாய் முதலில் அடைபடுகிறது. அதனால் நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்குப் படிப்படியாக வளரும் விறைப்புக் குறைபாடு, நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே வரும் தந்தியாக இருக்கக்கூடும். அந்தத் தந்தியை லாட்ஜ் அறைக்குக் கொண்டுபோனால் லேகியம் கிடைக்கும். ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை கிடைக்காது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் சில்டெனாஃபில் வாங்கிப் போடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர் இதையும் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு விழலாம். அளவுக்கு மீறிய குடி ஆசையைக் கிளப்பிவிட்டுச் செயலைக் கெடுக்கும் என்பது, வேலை முடிந்து டாஸ்மாக் வழியாக வீடு திரும்புகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ராயபுரத்தில் இருப்பவருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை நடந்துபோகும் தூரம்தான். சர்க்கரை நோய்ப் பிரிவும் சிறுநீரகப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. புறநோயாளிச் சீட்டில் ‘பாலியல்’ என்று யாரும் பெரிய எழுத்தில் எழுதித் தருவதில்லை. உள்ளே போனதும் மருத்துவர் ஆணிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா?’ என்ற கேள்வியைத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கனவுக் கட்டங்களில், இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வந்துபோகும். காலையில் நாம் காண்பது அதன் கடைசிச் சுற்று. தூக்கத்தில் பிரேக் போட ஆளில்லை. அப்போது வருகிறது, மனைவியருகே மட்டும் வருவதில்லை என்றால் பெரும்பாலும் குழாயும் நரம்பும் நலமாக இருக்கின்றன, கேட்டைத்தான் பார்க்க வேண்டும். அப்போதும் வருவதில்லை என்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தேவைப்பட்டால் ஹார்மோன் என்று பரிசோதனைகள் தொடங்கும்.

பெண்ணிடம் இதற்கு இணையான ஒற்றைக் கேள்வி இல்லை. பல நேரங்களில் எந்தக் கேள்வியும் கேட்கப்படுவதே இல்லை. குழந்தை எத்தனை, மாதவிலக்கு சரியாக வருகிறதா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். ஆகவே அவர் தாமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: வலி இருக்கிறதா, அது நுழைவிலா ஆழத்திலா, எப்போதிலிருந்து, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், முன்பு இருந்த விருப்பம் குறைந்ததா அல்லது ஒருபோதும் இருந்ததில்லையா. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிட்டாலும் போதும். கூட வந்த அத்தையையோ மாமியாரையோ சற்று வெளியே உட்காரச் சொல்லுங்கள் என்று செவிலியரிடம் கேட்கலாம். அவர்கள் சொன்னால் பெரியவர்கள் மறுப்பதில்லை.